தீபாவளிக்கும் பொங்கலுக்கும் யாருக்கு எடுப்பது, யாரை விடுவது? டெல்டா வீடுகளுக்கான கேள்வி பதில்

காவிரி டெல்டாவில் ஐப்பசித் தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் நடுவே இரண்டு மூன்று மாதங்கள்தாம் இருக்கின்றன. அந்தக் குறுகிய காலத்துக்குள் தாய், தகப்பன், பிள்ளைகள், கட்டிக்கொடுத்த பெண்கள், மாப்பிள்ளை, சம்பந்தி, வயலிலும் வீட்டிலும் வேலை செய்வோர் என்று துணியும் சீரும் கொடுக்க வேண்டியவர்களின் வரிசை நீண்டுகொண்டே போகிறது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் சம்பளத்தையோ சிறு நிலத்தையோ நம்பி வாழும் குடும்பங்கள் ஒவ்வோர் ஆண்டும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

முதலில் தொகையை முடிவு செய்வதா, ஆட்களை முடிவு செய்வதா?

தொகையைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். பெயர்களை எழுதிவிட்ட பிறகு ஒரு பெயரை அடிப்பதற்கு எவருக்கும் மனம் வராது என்பதால், ஆட்களில் தொடங்கும் கணக்கு பெரும்பாலும் கடனில்தான் போய் முடிகிறது.

விவசாயக் குடும்பமாக இருந்தால், பணம் எப்போது கைக்கு வருகிறது என்பதை வைத்தே தொகையை முடிவு செய்ய முடியும். மேட்டூர் அணை வழக்கமான நாளான ஜூன் 12 அன்று திறக்கப்படும் ஆண்டுகளில் குறுவை செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் அறுவடைக்கு வருகிறது. அந்த நெல் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் எடை போடப்பட்டு, பணம் வங்கிக் கணக்கில் ஏற வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் ஈரப்பதம் வழக்கமான வரம்பான 17 சதவீதத்தைத் தாண்டிவிடும். நெல் தார்ப்பாய்க்கு அடியில் நாள்கணக்கில் கிடக்கும். அதே வாரங்களில் அடுத்த நெற்பயிர்களான சம்பாவுக்கும் தாளடிக்கும் நடவுக் கூலி, உரம், களையெடுப்பு எல்லாம் வந்து நிற்கும். சம்பா பயிர்க் காப்பீட்டுக்கும் பெரும்பாலும் நவம்பர் 15தான் கடைசி நாள். இவ்வளவையும் கழித்து மிஞ்சுவதுதான் தீபாவளித் தொகை. காப்பீட்டுக்குக் கட்ட வேண்டிய பணத்தை எடுத்துத் துணிக்கடையில் கொடுப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது.

பொங்கலில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. சம்பா அறுவடை ஜனவரியில் தொடங்கி பிப்ரவரியில்தான் மும்முரமாகும். பொங்கல் பானைக்குப் புது அரிசி வந்துவிடும், அந்த நெல்லுக்கான பணம் வந்திருக்காது. ஆகவே பொங்கல் சீருக்கான பணத்தையும் குறுவைப் பணத்திலிருந்தே எடுத்து வைத்தாக வேண்டும். நாகப்பட்டினம் கரையோரக் குடும்பங்களுக்கோ வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடலுக்குப் போகும் நாள்கள் குறைந்துவிடும். ஜூன் 14 அன்று மீன்பிடித் தடைக்காலம் முடிந்தபின் நல்ல மீன்பாடு கிடைக்கும் ஆவணி, புரட்டாசி மாதங்களிலேயே அவர்கள் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

சம்பளக்காரர்களுக்கு போனஸ் ஒரு கணக்கைத் தருகிறது. போனஸ் குறித்த சட்டம் குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம் என்கிறது. அந்தப் பணத்தை நம்பிப் பள்ளிக் கட்டணம், நகைக்கடன் வட்டி, துணி என்று மூன்று செலவுகளை வரிசையில் நிறுத்தியிருக்கிறோமா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்தக் குடும்பமாக இருந்தாலும் இரண்டு பண்டிகைக்கும் சேர்த்து ஒரே தொகையாக முடிவு செய்து, அதைப் பிரித்துக்கொள்வதையே நான் வற்புறுத்துவேன். தீபாவளிக்குத் தனியாகக் கணக்குப் போடுகிறவர்கள் மார்கழிக் கடைசியில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதை இந்தப் பக்கத்து ஊர்களில் எங்கும் பார்க்கலாம்.

பட்டியலில் முதல் பெயர் யாருடையதாக இருக்க வேண்டும்?

நாம் எடுத்துக் கொடுக்காவிட்டால் அந்தப் பண்டிகைக்குப் புதுத்துணியே இல்லாமல் போகிறவர் யாரோ, அவருடைய பெயர்தான் முதலில் வர வேண்டும். இந்தப் பக்கத்தில் உள்ள மற்ற விடைகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்தே வருகின்றன.

வழக்கமாக நாம் எழுதும் பட்டியலில் குறை சொல்லக்கூடியவர்கள் முன்னால் இருப்பார்கள்: மாப்பிள்ளை, சம்பந்தி, வசதியான பெரியப்பா வீடு. இவர்களுக்கு எடுக்காவிட்டால் பேச்சு வரும் என்பது உண்மை. ஆனால் மாப்பிள்ளைக்கு அவருடைய பெற்றோர் எடுக்கிறார்கள், மனைவி எடுக்கிறாள், அவரும் தமக்கென்று எடுத்துக்கொள்கிறார். நாம் கொடுப்பது நான்காவது சட்டை. கணவனை இழந்து தம்பி வீட்டுப் பின்கட்டில் இருக்கும் அத்தைக்கோ, பிள்ளையில்லாத சித்தப்பாவுக்கோ, பிள்ளைகள் எல்லோரும் வெளியூர் போய்விட ஊரில் தனியாக அடுப்பு மூட்டும் பாட்டிக்கோ ரேஷன் கடையில் பொங்கலையொட்டிக் கொடுக்கும் அரசின் வேட்டி, சேலையைத் தவிர வேறு எதுவும் கைக்கு வராமல் போகலாம். அவர்கள் கேட்கவும் மாட்டார்கள். அதனால்தான் நாமே நினைவு வைத்துக்கொண்டு அவர்கள் பெயரை முதலில் எழுத வேண்டும். தகப்பனை இழந்த பிள்ளைகளும் இந்த வரிசையைச் சேர்ந்தவர்களே.

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே “இவருக்கு நம்மைத் தவிர வேறு யார் எடுப்பார்கள்?” என்று எழுதிப் பாருங்கள். பதில் இல்லாத பெயர்கள் மேலே வரட்டும். அடுத்து வீட்டுப் பிள்ளைகளும் பெற்றோரும் வருவார்கள். அதற்கடுத்து, உரிமையோடு சீரை எதிர்பார்க்கும் உடன்பிறந்த பெண்கள். பிறகு நமக்காக உழைப்பவர்கள். நாமும் கொடுத்து அவர்களும் கொடுக்கும் உறவுகள் கடைசியில் வந்தால் போதும்; தொகை தீர்ந்துவிட்டால் அவர்கள் வீட்டுக்குப் பலகாரத்தை எடுத்துக்கொண்டு நேரில் போய்வரலாம்.

இந்தப் பட்டியலில் ஏறாத பெயர் ஒன்றும் உண்டு. வீட்டுச் செலவை எழுதும் பெண் தன் பெயரை எழுதிக்கொள்வதில்லை. “எனக்கு எதுக்கு, போன வருஷம் எடுத்ததே கட்டாம கெடக்கு” என்பாள். அவளுடைய பெயரைக் கணவரோ பிள்ளைகளோ எழுத வேண்டும், அதுவும் தொகை தீர்வதற்கு முன்னால்.

மொத்தம் 12,000 ரூபாய்தான் இருக்கிறது. எப்படிப் பிரிப்பது?

உத்தேசமாக ஒரு கணக்கைச் சொல்கிறேன். விலை கடைக்குக் கடை மாறும். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், உடன் இருக்கும் தாய், ஊரில் தனியாக இருக்கும் அத்தை, கட்டிக்கொடுத்த இரண்டு தங்கைகள் என்று வைத்துக்கொள்வோம். பொங்கலுக்கு 4,500 ரூபாயைத் தனியாக எடுத்து வைத்துவிட்டால் தீபாவளிக்கு 7,500 இருக்கும். அத்தைக்கும் தாய்க்கும் நூல்சேலை தலா 800, பிள்ளைகளுக்குத் தலா 1,200, கணவன் மனைவிக்குத் தலா 900 என்றால் 5,800 ஆகிறது. மீதி 1,700 ரூபாயில் தையல் கூலி, வேலைக்கு வருபவருக்கு ஒரு சேலை, பலகாரச் சாமான் ஆகியவை அடங்க வேண்டும். பட்டாசுக்கு இதில் இடமில்லை. பிள்ளைகள் கேட்டால் அவர்களுடைய துணித் தொகையிலிருந்து 200 ரூபாயை மாற்றிக்கொள்ளச் சொல்லி, முடிவை அவர்களிடமே விடலாம். பத்து வயதுப் பிள்ளைகள் இந்தக் கணக்கை நன்றாகவே போடுகிறார்கள். பொங்கலுக்கு வைத்த 4,500 ரூபாயில் தங்கைகள் இருவருக்கும் தலா 1,500 ரூபாய்ச் சீரும், வீட்டுப் பொங்கல் செலவும் முடிந்துவிடும்.

இந்த ஆண்டு பெண்ணுக்குத் தலை தீபாவளி. இதையும் இந்தக் கணக்குக்குள் கொண்டுவர முடியுமா?

முடியாது, கொண்டுவரவும் வேண்டாம். வாழ்க்கையில் ஒருமுறை வருவது அது. பெண்ணையும் மாப்பிள்ளையையும் அழைத்து, அதிகாலையில் எண்ணெய் வைத்து, லேகியம் கொடுத்து, புதுத்துணி உடுத்திப் பார்ப்பதில் பெற்றோருக்கு இருக்கும் மகிழ்ச்சியைச் சிக்கனத்தின் பெயரால் குறைத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். அந்த ஓர் ஆண்டில் மற்ற எல்லோருக்குமானதைக் குறைத்துக்கொள்ளலாம். “இந்த வருஷம் எங்களுக்குத் தலை தீபாவளிச் செலவு இருக்கு” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் எந்த உறவும் தப்பாக எடுத்துக்கொள்ளாது. எல்லோருமே அந்தச் செலவைப் பார்த்தவர்கள்.

என்ன வாங்குவது என்பதை ஊகிக்காமல் பெண்ணிடமே கேளுங்கள். கல்யாணத்தில் மோதிரம் போட்டாகிவிட்டதென்றால் மறுபடியும் மோதிரம் போட வேண்டிய கட்டாயமில்லை. பட்டு எடுப்பதாக இருந்தால் கும்பகோணத்தை அடுத்த திருபுவனத்தில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கே நேரில் போய் எடுக்கலாம். தைக்கும் நாளையும் கணக்கில் வைத்துப் புரட்டாசியிலேயே எடுத்துவிடுவது நல்லது, ஏனென்றால் தீபாவளிக்கு முந்திய வாரத்தில் எந்தத் தையற்காரரும் துணியைக் கையால் தொடுவதில்லை.

மூன்று மாதத்தில் தலைப் பொங்கலும் வந்துவிடும். பொங்கல் வரிசைக்குப் பித்தளையிலோ வெண்கலத்திலோ பானையும் கரண்டியும் வாங்குவோர் கும்பகோணத்துப் பாத்திரக் கடைகளில் எடைக்குத்தான் விலை என்பதை அறிவார்கள். சென்னையில் அடுக்குமாடியில் எரிவாயு அடுப்பில் பொங்கல் வைக்கப்போகும் பெண்ணுக்குப் பெரிய பானை பரணில்தான் இருக்கும்; அவள் ஆண்டுதோறும் எடுத்துப் புழங்கும் அளவில் சிறியதாக வாங்கினால் செலவும் பாதியாகும். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய வெண்கலத்தைக் கொடுத்து மாற்றிக்கொள்ளவும் கடைகளில் வழி உண்டு.

மாப்பிள்ளை வீட்டார் இத்தனை பவுன், இன்ன வண்டி என்று கேட்டால் அது சீர் என்ற கணக்கிலேயே வராது. திருமணத்தை முன்னிட்டு நகையோ பணமோ கேட்பது 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அதற்காக நிலத்தை அடகு வைக்கும் பெற்றோர், அவர்களுடைய அடுத்த கோரிக்கைக்கும் கதவைத் திறந்துவிடுகிறார்கள்.

தங்கைகளுக்கு ஆண்டுதோறும் பொங்கல் சீர் கொண்டுபோகிறோம். கஷ்டமான ஆண்டில் நிறுத்தலாமா?

நிறுத்த வேண்டாம், குறைத்துக்கொள்ளலாம். போகியை ஒட்டிய நாள்களில் மன்னார்குடி சாலையிலோ திருவையாறு சாலையிலோ நின்று பார்த்தால் தெரியும்: பைக்கின் பக்கவாட்டில் இரண்டு செங்கரும்பு, தோகை தார்ச்சாலையில் உரசிக்கொண்டு வரும், பெட்ரோல் டேங்கின் மேல் அரிசிப் பையும் வெல்லமும், கைப்பிடியில் இஞ்சிக் கொத்தும் மஞ்சள் கொத்தும் தொங்கும், பின்னால் அமர்ந்திருப்பவர் மடியில் வாழைத்தார். அவர் அக்காள் வீட்டுக்கோ தங்கை வீட்டுக்கோ போய்க்கொண்டிருக்கும் மனிதர். அந்த வண்டி வாசலில் நிற்பதைத்தான் அவள் எதிர்பார்க்கிறாள். பெற்றோர் காலத்துக்குப் பிறகு, பிறந்த வீடு இன்னும் இருக்கிறது என்பதற்கு அவளிடம் வேறு சாட்சி அதிகமில்லை. தட்டில் இருக்கும் பொருளைக் குறைக்கலாம், நாத்தனார் பிள்ளைகளுக்கும் சேர்த்து எடுக்கும் துணியை விட்டுவிடலாம், கூட வைக்கும் பணத்தை 1,000 ரூபாயிலிருந்து 200 ஆக்கலாம். போகாமல் மட்டும் இருக்கக் கூடாது. கரும்பு, மஞ்சள், வெல்லம், பச்சரிசி, தேங்காய், பழம், ஒரு பூசணித் துண்டு, பூ ஆகியவற்றோடு போனாலே சீர் முழுமைதான்.

நான்கு பெண்கள் இருந்தால் நால்வருக்கும் தட்டில் வைப்பது ஒரே அளவாக இருக்கட்டும். ஒருத்தி கஷ்டத்தில் இருந்தால் அவளுக்குக் கூடுதலாகக் கொடுப்பதைத் தட்டில் வைக்காமல், அடுக்களையில் தனியாகப் பார்த்துக் கையில் கொடுங்கள். அவளுடைய மாமியார் முன்னாலும் மற்றச் சகோதரிகள் காதிலும் அது விழ வேண்டியதில்லை. அண்ணன் தம்பிகள் இருவர் இருந்தால் தனித்தனித் தட்டாகக் கொண்டுபோவதைவிட ஒரே வண்டியில் ஒரே வரிசையாகப் போவது செலவுக்கும் நல்லது, அவளுக்கும் பெருமை. திருப்பூரிலோ சென்னையிலோ இருக்கும் தங்கைக்குக் கைபேசியில் பணம் அனுப்பலாம். ஆனால் அண்ணியை விட்டுப் பேசச் சொல்லாமல் அண்ணனே கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேச வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. “அதான் வருஷா வருஷம் சீர் செய்யுறோமே” என்று கூறிப் பெண்களின் சொத்துப் பங்கை ஒதுக்கிவிடும் வீடுகள் இந்தப் பகுதியில் இருக்கின்றன. இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் பெண்களுக்குச் சம உரிமையைத் தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தமும், நாடு முழுவதும் 2005ஆம் ஆண்டுத் திருத்தமும் கொடுத்திருக்கின்றன. கரும்புக் கட்டு அந்தப் பங்குக்கு ஈடாகாது.

அண்ணன் தம்பிகள் குடும்பங்களுக்குள் எல்லோரும் எல்லோருக்கும் எடுக்கிறோம். எப்படிக் குறைப்பது?

பெரியவர்களுக்குள் எடுப்பதை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் எடுப்பது என்று பேசி முடிவு செய்யுங்கள். மூன்று சகோதரர்கள் குடும்பத்தில் அவர்களும் மனைவியருமாக ஆறு பெரியவர்கள் இருந்தால், ஒவ்வொரு வீடும் மற்ற இரண்டு வீட்டுப் பெரியவர்கள் நால்வருக்கு எடுக்கிறது. மொத்தம் பன்னிரண்டு உருப்படிகள் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு இடம் மாறுகின்றன. பிள்ளைகளுக்கு எடுக்கும்போது விலை வித்தியாசம் தெரியாமல், மூன்று வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவுத் தொகை என்று வைத்துக்கொள்ள வேண்டும். சம்பாதிக்கத் தொடங்கிய பிள்ளை அந்த வரிசையிலிருந்து இறங்கிவிட்டு, அந்த ஆண்டு முதல் தாத்தா பாட்டிக்கு எடுக்கலாம்.

இந்தப் பேச்சை யார் தொடங்குவது என்பதுதான் இதில் முக்கியம். வசதி குறைந்தவர் தொடங்கினால் அது அவருடைய இல்லாமையாகத் தெரிந்துவிடும். வசதியுள்ள அண்ணனோ அண்ணியோ தொடங்கினால் எல்லோருக்கும் மூச்சு விட முடியும். கடைத்தெருவில் யாரும் இன்னும் கால் வைக்காத புரட்டாசி மாதமே இதற்கு ஏற்றது. “தம்பி, இனிமே நமக்குள்ள எடுக்க வேண்டாம், புள்ளைங்களுக்கு மட்டும் எடுப்போம், நீ என்ன சொல்ற?” என்று அண்ணன் கேட்டால் போதும். யாராவது ஒருவர் கேட்காமல் மறுபடியும் எடுத்துக்கொண்டு வந்தால் முகம் கோணாமல் வாங்கிக்கொள்ளுங்கள். பதிலுக்கு எடுக்க ஓடாதீர்கள். அடுத்த ஆண்டு அவரும் நிறுத்திவிடுவார்.

போன ஆண்டு அவர்கள் 3,000 ரூபாய்க்குச் சேலை எடுத்துக் கொடுத்தார்கள். நாம் குறைவாகக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். பேராவூரணிப் பக்கத்தில் ஆடி, ஆவணி மாதங்களில் நடக்கும் மொய் விருந்தில் யார் எவ்வளவு வைத்தார் என்று நோட்டில் எழுதுகிறார்கள். திருப்பிச் செய்யும்போது அதைக் கூட்டியே செய்ய வேண்டும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த ஒப்பந்தம். தேவைப்படும் நேரத்தில் ஒரு குடும்பத்துக்குப் பெருந்தொகை கிடைக்க அந்த ஏற்பாடு உதவுகிறது, அதில் தவறில்லை. பண்டிகைத் துணிக்கு அப்படி ஒரு நோட்டு கிடையாது. வசதியுள்ள உறவினர் தம் விருப்பத்துக்குக் கொடுத்ததை நாம் கடனாக வரித்துக்கொண்டால், அவருடைய அன்பையே வட்டிக் கணக்காக மாற்றிவிடுகிறோம். யார் என்ன கொடுத்தார்கள் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது நன்றி சொல்லவும், கொடுத்த சேலையை அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு மறக்காமல் கட்டிக்கொண்டு போகவும் பயன்படும்.

வயலிலும் வீட்டிலும் வேலை செய்கிறவர்களுக்குச் செய்வதைக் குறைக்கலாமா?

அவர்களைக் கடைசியில் வைத்து, மிஞ்சியதில் கொடுக்கும் பழக்கம் நல்லதல்ல. நடவுக்கும் அறுப்புக்கும் வந்தவர்கள், மாட்டைப் பார்த்துக்கொள்கிறவர், வீட்டு வேலைக்கு வருகிற அம்மா ஆகியோருக்கு நாம் கொடுக்கும் வேட்டி, துண்டு, சேலை பல வீடுகளில் அந்தப் பண்டிகைக்கு வாங்கும் ஒரே புதுத்துணியாக இருக்கும். ஆகவே மேலே சொன்ன அளவுகோலின்படி அப்படிப்பட்டவர்கள் முன்வரிசையில் வருகிறவர்கள்; உழைப்பவர்களில் மற்றவர்களுக்குத்தான் தங்கைகளுக்கு அடுத்த இடம். மாதச் சம்பளத்தில் பிடித்தம் செய்துகொண்டு துணி எடுத்துக் கொடுப்பதோ, கிழிசல் பார்த்து ஒதுக்கிய சேலையைப் பண்டிகைக் கொடை என்று கொடுப்பதோ கூடாது. முன்பணம் கேட்டிருந்தால் அதையும் துணியையும் ஒன்றாகக் கணக்கிடாதீர்கள்.

பால்காரர், தபால்காரர், துப்புரவுப் பணியாளர், எரிவாயு உருளை கொண்டுவருகிறவர் என்று தீபாவளியன்று வாசலுக்கு வருகிறவர்களுக்காக 50, 100 ரூபாய்த் தாள்களை முதல் நாளே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தொகையையும் பட்டியலில் ஒரு வரியாக எழுதாவிட்டால், யாருக்கும் தெரியாமல் ஆயிரம் ரூபாய் கரைந்துவிடும்.

அக்கம்பக்கத்தாருக்கு?

பலகாரம் போதும். அதிரசமும் முறுக்கும் ஒரு தட்டில் வைத்துக் கொடுப்பதற்கு மேல் அண்டை வீடுகளில் யாரும் எதிர்பார்ப்பதில்லை. நாகூர், கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் ரம்ஜானுக்குப் பிரியாணி வாளி வருவதும், வேளாங்கண்ணிப் பக்கத்தில் கிறிஸ்துமஸுக்குக் கேக் வருவதும், பொங்கலுக்கு நம் வீட்டிலிருந்து சர்க்கரைப் பொங்கல் போவதும் வழக்கம். தட்டை வெறுமையாகத் திருப்பாமல் நாலு வாழைப்பழமாவது வைத்துக் கொடுப்பதோடு அது நிறைவாகிறது. இதைக் கடையில் வாங்கும் பரிசுப் பெட்டியாக மாற்றிவிடாதீர்கள். ஒரு வீடு தொடங்கினால் தெருவே அந்தச் செலவில் இறங்க வேண்டியிருக்கும்.

குறைந்த செலவில் என்ன எடுத்தால் மனம் நிறையும்?

துணியாக இருந்தால், கொடுத்தவுடன் உடுத்தக்கூடியதாக எடுங்கள். டெல்டாவில் எந்த வீட்டுப் பீரோவைத் திறந்தாலும் கீழ்த்தட்டில் தைக்காத சட்டைத் துணிகளும், கொலுவுக்கும் கல்யாணத்துக்கும் வந்த ரவிக்கைத் துணிகளும் மடிப்புக் கலையாமல் அடுக்கியிருக்கும். பேன்ட் துணியும் சட்டைத் துணியும் 700 ரூபாய்க்கு எடுத்துக் கொடுத்தால், வாங்கிக்கொள்கிற முதியவர் அதைவிட அதிகமாகத் தையல் கூலி கொடுக்க வேண்டும். அவர் தைக்க மாட்டார். அவருக்கு ஒரு நல்ல வேட்டியும் துண்டும் ஆயத்தச் சட்டையும் நூறுமுறை மேல். சேலை கொடுத்தால் ரவிக்கைத் தையல் கூலியையும் ஓரம் அடிக்கும் செலவையும் சேர்த்தே உங்கள் கணக்கில் எழுதுங்கள். கோ-ஆப்டெக்ஸில் தீபாவளிக் காலத்தில் வழக்கமாகக் கொடுக்கும் 30 சதவீதத் தள்ளுபடியில் கைத்தறி நூல்சேலையும் போர்வையும் மலிவாகவே கிடைக்கின்றன. நெசவு செய்தவர் வீட்டிலும் அடுப்பு எரியும்.

துணி வேண்டாதவர்களுக்குத் தின்பண்டமோ அரிசியோ கொடுக்கலாம். திருவையாற்று அசோகா அல்வா அரைக்கிலோ, வெளியூரில் இருக்கும் டெல்டாக்காரருக்கு எந்தச் சட்டையைவிடவும் பிடிக்கும். வீட்டில் சொந்தமாக விளைந்த சீரகச் சம்பாவோ கருப்புக் கவுனியோ இருந்தால் ஐந்து கிலோவைத் துணிப்பையில் கட்டிக் கொடுங்கள். திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நெல் திருவிழாக்கள் நடத்தி, விவசாயிகளுக்கு இரண்டு கிலோ விதை கொடுத்து மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திரும்பப் பெற்றுப் பாரம்பரிய ரகங்களைப் பரப்பியதால், இன்று பல சிறு விவசாயிகளிடம் அந்த நெல் இருக்கிறது. தலையாட்டி பொம்மை வெளியூர்ப் பிள்ளைகளுக்கு நல்ல பரிசு. தஞ்சாவூர்ப் பிள்ளைகளுக்கு வேண்டாம், வீட்டுக்கு வீடு அது இருக்கிறது.

துணிக்குப் பதிலாகப் பணமாகக் கொடுக்கலாமா?

கல்லூரிப் பிள்ளைகளுக்கும், தனியாக இருக்கும் முதியவர்களுக்கும் கொடுக்கலாம். முதியவர் என்றால் பணத்தோடு வெற்றிலை பாக்கு, பழம் வைத்து, காலில் விழுந்து கொடுங்கள். சிறு பிள்ளைகளுக்குப் பணம் வேண்டாம், அது பெற்றோர் செலவில் கலந்துவிடும்.

சிங்கப்பூரிலிருந்து பண்டிகைக்கு வருகிறேன். ஊரே எதிர்பார்க்கிறது. என்ன செய்வது?

திருவாரூர், நாகப்பட்டினம், தஞ்சாவூர் மாவட்டங்களிலிருந்து சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போனவர்கள் எல்லோருக்கும் இந்தப் பாரம் உண்டு. அங்கே தங்குமிடத்தில் எப்படி இருக்கிறோம், மாதம் எவ்வளவு மிஞ்சுகிறது என்பது ஊருக்குத் தெரியாது. தைலமும் சாக்லேட்டும் வாசனைத் திரவியமும் நிறைந்த பெட்டிதான் தெரியும். பெட்டிக்கு எடை வரம்பு இருப்பது போல ஆட்களுக்கும் ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள்: வீட்டாருக்கும், நீங்கள் இல்லாத நாள்களில் உங்கள் பெற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துப் போனவர்களுக்கும் தனித்தனியாக ஏதாவது வாங்கிவாருங்கள். இரண்டாவது வகையினரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அவர்கள் உறவினராகக்கூட இல்லாமல் பக்கத்து வீட்டுத் தம்பியாக இருக்கலாம், ஆட்டோ ஓட்டுகிறவராக இருக்கலாம். மற்ற எல்லோருக்கும் பொதுவாக மிட்டாய்ப் பொட்டலம் போதும். பயணச்சீட்டுக்கு வாங்கிய கடன் அடையாமல் இருந்தால், அந்த உண்மையைத் தாயிடமாவது சொல்லிவிடுங்கள். ஊராரின் எதிர்பார்ப்பை அவரே பேசிக் குறைத்துவிடுவார்.

கடன் வாங்கியோ தீபாவளிச் சீட்டுப் போட்டோ சமாளிக்கலாமா?

கடன் வேண்டாம். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம். 5,000 ரூபாய் வாங்கிப் பத்து மாதம் கழித்து அடைத்தால் வட்டி மட்டும் 1,500. அது அடுத்த பொங்கலில் ஒரு தங்கையின் சீர். வாரத் தவணைக் குழுக் கடனை எடுத்துத் துணி எடுப்பது இன்னும் மோசம், ஏனென்றால் மழை நாள்களில் வேலை இல்லாத வாரத்திலும் தவணை நிற்காது.

தீபாவளிச் சீட்டு சேமிப்புதான் என்றாலும், நடத்துகிறவர் யார் என்பதைப் பொறுத்தது. 1982ஆம் ஆண்டுச் சிட் நிதிச் சட்டப்படி பதிவு செய்யாமல், மாதம் 500 ரூபாய் கட்டினால் இனிப்பு, பட்டாசு, தங்கக் காசு என்று துண்டறிக்கை கொடுத்து வசூலிப்பவர்களிடம் ஏமாந்தவர்கள் ஏராளம். வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ ஓராண்டுத் தொடர் வைப்பு தொடங்கி, அடுத்த புரட்டாசியில் முடியும்படி மாதம் 500 அல்லது 1,000 கட்டுவது பாதுகாப்பானது. அஞ்சலகத் தொடர் வைப்பு 100 ரூபாயில் தொடங்கினாலும் அதன் காலம் ஐந்து ஆண்டுகள் என்பதால் ஆண்டுதோறும் வரும் பண்டிகைக்கு ஒத்துவராது.

துக்கம் நடந்த வீட்டுக்கு என்ன செய்வது?

அந்த ஓராண்டு அவர்கள் பண்டிகை கொண்டாட மாட்டார்கள் என்பதால் பலர் பட்டியலிலிருந்தே விட்டுவிடுகிறார்கள். துணி கொடுக்கும் முறை குடும்பத்துக்குக் குடும்பம் மாறும், அதை அந்த வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளலாம். பண்டிகை நாளன்று சமைத்த உணவை எடுத்துக்கொண்டு போய், அவர்களோடு சாப்பிட்டு வருவதற்கு எந்த முறையும் தடை சொல்வதில்லை.

புயலோ வெள்ளமோ வந்து எல்லாம் போய்விட்ட ஆண்டில்?

2018ஆம் ஆண்டு நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. வேதாரண்யம், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்தன. இரண்டே மாதத்தில் பொங்கல் வந்தது. காய்ப்புக்கு வந்த தென்னையை இழந்த வீட்டுக்கு அது ஓர் ஆண்டின் இழப்போடு முடிகிற காரியமன்று. இப்படிப்பட்ட ஆண்டில் சீர் போகும் திசையை மாற்றிவிடலாம். அண்ணன் வீடு சரிந்திருந்தால், தஞ்சாவூரில் பாதிப்பில்லாமல் இருக்கும் தங்கை அரிசியும் துணியும் எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போகட்டும். “பொண்ணு வீட்டுச் சொத்தைத் தின்னக் கூடாது” என்று தயங்கும் பெரியவர்களைப் பேரப்பிள்ளைகள் மூலம் இணங்க வைக்கலாம்.

பட்டியலில் இல்லாத ஒருவர் பண்டிகையன்று வந்துவிட்டால்?

ஒரு நூல்சேலை, ஒரு வேட்டி துண்டு, ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு ஆகும் ஒரு கவுன், ஒரு சட்டை ஆகிய நான்கையும் ஆடித் தள்ளுபடியில் எடுத்துப் பீரோவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆடியில் மலிவாகக் கிடைப்பவற்றில் சாயம் போகும் சரக்கும் கலந்திருக்கும். கடையிலேயே ஓரத்தை ஈரக் கைக்குட்டையால் தேய்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். பில்லைக் கிழித்துவிட்டு, விலைச் சீட்டைப் பிரித்து வைத்துவிடுங்கள். யாரும் வராவிட்டால், பிள்ளைகளின் சட்டையையும் கவுனையும் அளவு தப்பிப்போவதற்குள் பொங்கலுக்குள் யாருக்காவது கொடுத்துவிடலாம். சேலையும் வேட்டியும் அடுத்த ஆண்டு வரை இருக்கும்.